பால் காய்ச்சிய தீவுகள்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் என் சம்பளத்தில் வாங்கியது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் வந்த சில மாதங்களில் அது என் கைக்குக் கிடைப்பதே அபூர்வமாகிவிட்டது. கேட்டால், "இரு, கப்பல் பாதிக் கடல்ல நிக்கறது" என்று பதில் வரும். சொல்வது என் அம்மா.

தொண்ணூறுகளின் கடைசி வருஷங்கள் அவை. தி. நகரில் பாண்டி பஜார் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டிலேயே ஒரு மிஷின் இருந்தால் மறுநாள் பாடத்தைத் தயார் செய்துகொள்ளலாம் என்று ரிச்சி தெருவில் சொல்லி அசெம்பிள் செய்ய வைத்தேன். கொண்டுவந்து பொருத்திய மெக்கானிக்குக்குக் காதோரம் நரைத்திருந்தது. ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டார்.

"எல்லாம் போட்டாச்சுக்கா. கூட ஒரு கேமும் போட்டுக்கீறேன். கப்பல் வுட்டு, தீவு கண்டுபுடிச்சு, ஊர் கட்றது. வூட்ல நான் அதத்தான் ஆடிக்கினு கீறேன். சூப்பரா கீது."

"எனக்கு கேமெல்லாம் வேண்டாங்க."

"அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கட்டும்கா. இன்னா, சோறா கேக்கப்போவுது?"

அவர் சொன்னது வாஸ்தவம். சோறு கேட்கவில்லை, பால்தான் கேட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

வீட்டைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெரு. ஓட்டு வீடு, நடுவில் முற்றம், முற்றத்தைச் சுற்றி நாலு மரத்தூண். அப்பா அந்த வீட்டில்தான் பிறந்தார். எனக்கு அந்த வீட்டைப் பற்றி ஏகப்பட்ட கர்வம். சென்டரில் கூட வேலை பார்ப்பவர்களை ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வந்து முற்றத்தைக் காட்டுவேன். ஆதம்பாக்கத்தில் போர்ஷனில் குடியிருந்த தோழி ஒருத்தி தூணைத் தடவிப் பார்த்து, "நீ குடுத்து வெச்சவ" என்பாள். நான் பூரித்துப்போவேன். அம்மா உள்ளே அவளுக்குக் காப்பி கலந்துகொண்டிருப்பாள்.

அந்த 'உள்ளே' எப்படி இருக்கும் என்று நான் யாருக்கும் காட்டியதில்லை. சமையலறை வீட்டின் கடைசியில் இருந்தது. ஜன்னல் கிடையாது, புகை போக மேலே ஒரு சின்னத் திறப்பு. குழாயும் கிடையாது. வாசலில் அடிபம்பு. அம்மா விடியற்காலையில் எழுந்து அடித்து, பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, முற்றத்தைச் சுற்றிக் கொண்டுபோய் அண்டாவில் கொட்ட வேண்டும். பத்துக் குடம், பன்னிரண்டு குடம். கக்கூஸ் கொல்லைக் கோடியில். மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு போக வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். நானும் அதே குடையைப் பிடித்துக்கொண்டு போனவள்தான். ஆனால் வீட்டைப் பற்றிப் பெருமை பேசும்போது இவையெல்லாம் எப்படியோ மறந்துவிடும்.

அந்த வருஷம் எங்கள் தெருவில் நாலு வீடுகள் இடிபட்டு ஃப்ளாட்டாக எழும்பிக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டையும் கேட்டு ஒரு புரோமோட்டர் மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை வருவார். நல்ல மனிதர், அதிர்ந்து பேச மாட்டார். சுருட்டிய பிளானை மேஜையில் விரித்து, நாலு மூலைக்கும் நாலு டம்ளரை வைத்துவிட்டுப் பேசுவார். "கீழ பார்க்கிங், மேல மூணு மாடி சார். உங்களுக்கு ரெண்டு ஃப்ளாட். கட்டி முடிக்கிறவரைக்கும் வேற எடத்துல இருந்துக்கலாம், வாடகை எங்க பொறுப்பு."

அப்பா பிளானை மரியாதையாகப் பார்ப்பார். கடைசியில் ஒரே பதில்தான். "எனக்கு ஒண்ணும் இல்லே சார். ஆத்துல அவ மனசு தாங்காது. கல்யாணம் பண்ணிண்டு வந்ததுலேர்ந்து இந்த ஆத்துலயே இருக்கா. இதை இடிக்கறதுன்னா அவ உயிரையே விட்டுடுவா."

புரோமோட்டர் சமையலறைப் பக்கம் பரிதாபமாக ஒரு பார்வை பார்ப்பார். நானும் தலையை ஆட்டுவேன். எனக்கும் அதில் சந்தேகமே இருந்ததில்லை. கதவுக்குப் பின்னால் காப்பி ஆற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை கொல்லைப் பாசியில் சறுக்கி விழுந்தேன். வலது கணுக்காலில் மாவுக்கட்டு. மூன்று வாரம் வீட்டோடு இரு என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் இரண்டு நாள் புத்தகம் படித்தேன். மூன்றாம் நாள் மெக்கானிக் ஓரமாகப் போட்டுவைத்த கேமைத் திறந்தேன்.

ஆட்டம் இதுதான். கையில் ஒரு கப்பல். சுற்றிலும் ஒரே கறுப்பு. கப்பல் போகப் போகக் கறுப்பு விலகிக் கடலும் கரையும் தெரியும். நல்ல தீவாகப் பார்த்துக் கரையில் ஒரு கிடங்கு போட்டால் அது நம் ஊர். குடிசை போட்டால் ஜனங்கள் வருவார்கள். தண்ணீர், சந்தை, துணி என்று அவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கிடைக்கக் கிடைக்கக் குடிசை ஓட்டு வீடாகும், ஓட்டு வீடு மாடி வீடாகும். ஒரு தீவில் மிளகு விளையும், பருத்தி விளையாது. பருத்திக்கு இன்னொரு தீவைத் தேடிப் போக வேண்டும், அல்லது வருகிற வியாபாரிக் கப்பலிடம் மாற்றிக்கொள்ள வேண்டும். காலம் ஏதோ நானூறு ஐநூறு வருஷத்துக்கு முந்தையது. ஆண்கள் தொப்பி போட்டிருந்தார்கள், பெண்கள் தரையைப் பெருக்கும் பாவாடை கட்டியிருந்தார்கள்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கொத்தவரங்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒரு கண் திரையில் இருந்தது.

"எதுக்குடி அங்கே ஆம் கட்டறே? தண்ணி எங்கேர்ந்து வரும்?"

"கிணறு அப்புறம் வெட்டிக்கலாம்மா."

"அப்புறமா? குடி வந்தவா அதுவரைக்கும் என்ன பண்ணுவா?"

அவர்கள் என்ன செய்தார்கள் என்றால், கப்பல் ஏறிப் போய்விட்டார்கள். என் ஊர் பத்தே நிமிஷத்தில் காலி. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, "நகரு, நான் பார்க்கறேன்" என்றாள்.

மவுஸைப் பிடிக்க அவளுக்கு ஒரு நாள் ஆயிற்று. இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிப்பாள். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் ஆட்டத்தில் வரும் வார்த்தைகளையெல்லாம் இங்கிலீஷில் எழுதி, எதிரே தமிழில் எழுதிக்கொடுத்தேன். ஒரு வாரத்தில் நோட்டு தேவைப்படவில்லை. முதல் காரியமாகக் கிணறு வெட்டினாள். அப்புறம் அதைச் சுற்றி ஆறு குடிசை. குடிசை வாசலில் மனிதர்கள் தெரிந்ததும், "குடி வந்துட்டாளா?" என்று கேட்டாள். வந்துவிட்டார்கள் என்றேன். உடனே எழுந்து உள்ளே போனவள் மூன்று டம்ளரில் சூடாகப் பாலோடு வந்தாள்.

"என்னம்மா இது?"

"புதுசாக் குடித்தனம் வந்திருக்கா. பால் காய்ச்ச வேண்டாமா?"

நான் சிரித்த சிரிப்பில் மாவுக்கட்டுக்குள் கால் வலித்தது. அப்பா ஆபீஸ் சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து, என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டு, பாலைக் குடித்துக்கொண்டே முதல் தடவையாகக் கம்ப்யூட்டரை நிமிர்ந்து பார்த்தார். அதுவரை அதை அவர் ஒரு டைப்ரைட்டர் என்றுதான் நினைத்திருந்தார்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. கால் சரியாகி நான் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு, மத்தியானம் முழுக்க மிஷின் அம்மாவுடையது. நானும் அப்பாவும் சாயங்காலம் திரும்பும்போது மானிட்டர் பக்கத்தில் மூடிவைத்த டம்ளரில் பால் இருந்தால், அன்றைக்குப் புதிதாக ஒரு தீவில் குடியேறியாகிவிட்டது என்று அர்த்தம். அப்பா சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, "இன்னிக்கு எந்தத் தீவு?" என்பார். அம்மா படத்தில் விரலை வைத்துக் காட்டுவாள். "இதோ, இது. மிளகு நன்னா வரும்."

அம்மா ஆடிய விதத்தை ஆட்டத்தை எழுதியவர்கள் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு மேல் அவள் கப்பல் எதுவும் துறைமுகத்தை விட்டுக் கிளம்பாது. ராகுகாலம். ஆட்டத்தை நிறுத்திவைத்துவிட்டு நாலரை வரைக்கும் பூ தொடுப்பாள். தீவு தேடப் போகிற கப்பலில் மரமும் கருவிகளும் ஏற்றினால் போதும். அம்மா அதில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டு சாப்பாடு ஏற்றுவாள்.

"கப்பல்ல இருக்கறவாளுக்குப் பசிக்காதும்மா. இது கம்ப்யூட்டர்."

"பசிக்காட்டா நல்லதுதான். இருக்கட்டும்."

பெரிய கூத்து கிடங்கில்தான் நடந்தது. எங்கள் வீட்டில் மாசி பங்குனியில் வருஷத்துக்கான புளி, மிளகாய், துவரம்பருப்பு எல்லாம் வாங்கி, முற்றத்தில் காயவைத்து, டின் டின்னாக அடைத்துவிடுவாள். அதே கணக்கில் ஊர்க் கிடங்கிலும் துணியையும் மிளகையும் வருஷத்துக்கு என்று வாங்கி அடைத்துவிட்டாள். கிடங்கு நிரம்பி வழிந்தது. சொந்தத் தீவிலிருந்து தானியம் ஏற்றி வந்த கப்பலுக்கு இறக்க இடமில்லை. மூட்டை மூட்டையாக மிளகை வைத்துக்கொண்டு ஊரே பட்டினி. மணி அடித்து அடித்து ஜனங்கள் புகார் செய்கிறார்கள். "வரேன் வரேன், கத்தாதேங்கோ" என்று அவர்களுக்கு அம்மா பதில் சொல்கிறாள். அப்பா ஈஸிசேரில் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "மிளகு ரசம் வெச்சுக் குடிக்கச் சொல்லு" என்றார். இரண்டு நாள் அவரோடு அவள் பேசவில்லை.

ஆனால் கற்றுக்கொண்டாள். கார்த்திகை முடிவதற்குள் ஐந்து தீவுகள், அவற்றுக்கு நடுவே நிற்காமல் ஓடும் ஒன்பது கப்பல்கள். நான் சென்டரில் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்ததைவிடச் சிக்கலான விஷயம் அது. நான் மனசாரச் சந்தோஷப்பட்டேன். அம்மா அப்படி உட்கார்ந்து ஒன்றை ரசித்துச் செய்து நான் பார்த்ததே இல்லை. வேலை செய்வதைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை அவள் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். முதல் தீவில், கிணற்றுக்குப் பக்கத்தில் காலி இடம் பார்த்துப் புதிதாக ஒரு வரிசை வீடு போட்டாள். குடி வரும்வரை காத்திருந்தாள். போய்ப் பால் காய்ச்சிக்கொண்டு வந்தாள். அப்புறம் திரையின் ஓரத்தில், வீட்டை இடிப்பதற்காக இருந்த சுத்தியல் படத்தை எடுத்து, ஊர்க் கோடியில் இருந்த பழைய தெருவின் மேல் வைத்தாள்.

"அம்மா! அது நீ ரெண்டாவதா போட்ட தெரு. எவ்வளவு நாளா இருக்கு!"

"ஆமாம், நான் போட்டதுதான்."

"பழசா ஒண்ணு இருக்கட்டுமேம்மா. பார்க்க அழகா இருக்கு."

"யாருக்கு அழகு? கிணறு எங்கே இருக்கு பாரு. அங்கேர்ந்து இந்தக் கோடியாத்து மாமி குடத்தை இடுப்புல வெச்சுண்டு நடக்கணும். நீயா நடக்கப்போறே?"

"அதுல மாமியே கிடையாதும்மா. வெறும் படம்."

"படமானா என்ன?" என்று சொல்லிவிட்டு, நிதானமாக ஒவ்வொரு வீடாக எடுத்தாள். கை கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. எடுத்த இடத்தில் தோட்டம் போட்டாள்.

திங்கட்கிழமை சென்டரில் இதை நான் ஒரு ஜோக்காகச் சொன்னேன். "எங்கம்மாவுக்குள்ள ஒரு புரோமோட்டர் இருக்கார்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். இப்போது நினைத்தால் என்னை நானே ஒரு அறை அறையலாம் போலிருக்கிறது. மனுஷி வாயைத் திறந்து சொல்லியாகிவிட்டது, நான்தான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்கழி பிறப்பதற்கு முந்தின ஞாயிறு புரோமோட்டர் வந்தார். இந்தத் தடவை பிளானை விரிக்கவில்லை. "சார், எதிர்சாரி வீட்டுக்காரர் சரின்னுட்டார். என்னால ஒரே நேரத்துல ரெண்டு எடம் செய்ய முடியாது. உங்களுதுதான் எனக்கு இஷ்டம், எடம் சதுரமா இருக்கு. பொங்கல் கழிஞ்ச ஞாயித்துக்கெழம சாயந்தரம் வரேன். அன்னிக்கு ஒரு முடிவு சொல்லிடுங்க. இல்லேன்னாலும் தப்பா எடுத்துக்க மாட்டேன், அதுக்கப்புறம் வந்து தொந்தரவும் பண்ண மாட்டேன்."

அப்பா வழக்கம்போல, "அவ மனசு..." என்று ஆரம்பித்தார். புரோமோட்டர் வழக்கம்போல உள்பக்கம் பார்த்தார். அவர் போனதும் அப்பா முற்றத்துத் தூணில் சாய்ந்துகொண்டு வெகுநேரம் கூரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொங்கல் கழிந்த ஞாயிறோடு இந்தத் தொல்லை தீர்ந்தது, வீடு பிழைத்தது என்று நான் உள்ளுக்குள் கணக்குப் போட்டேன்.

மார்கழி முழுக்க அம்மா எந்தத் தீவிலும் குடியேறவில்லை. மார்கழியில் யாராவது புது வீடு போவார்களா? கப்பல்கள் மட்டும் போய்க் கறுப்பை விலக்கி, கரையோரமாகச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தன. "பார்த்து வெச்சுக்கறேன். தை பொறக்கட்டும்" என்றாள். அந்த மாதம் அவள் ஆடியதே குறைவு. விடியற்காலையில் கோவிலில் சகஸ்ரநாமக் கோஷ்டி, அப்புறம் மத்தியானங்களில் அடிக்கடி வெளியே கிளம்பினாள். சங்கீத சீசன் நேரம், ஏதாவது சபாவில் இலவசக் கச்சேரிக்குப் போகிறாள் என்று நினைத்தேன். எங்கே போனாய் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பொங்கல் கழிந்த ஞாயிறு காலை. நான் எழுந்தபோது அம்மா இல்லை. சகஸ்ரநாமக் கோஷ்டியோடு திருவான்மியூர் கோவிலுக்குப் போயிருக்கிறாள் என்றார் அப்பா. அவர் முந்தின நாளிலிருந்தே சரியாக இல்லை. காப்பியை நான்தான் போட்டேன். பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டார். "சாயங்காலம் வந்தார்னா சொல்லிடவேண்டியதுதான். அவ தாங்கமாட்டா" என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

பத்து மணிக்கு அம்மா வந்தாள். கூடையிலிருந்து பிளாஸ்கை எடுத்தாள். மூன்று டம்ளர் எடுத்துவந்து ஊற்றினாள். பால். ஆவி பறந்தது.

அப்பாவின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. பழக்க தோஷத்தில் கேட்டார். "இன்னிக்கு எந்தத் தீவு?"

நான் கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தேன். பழைய புடவையில் தைத்த உறை அதன்மேல் போட்டது போட்டபடி இருந்தது.

"தீவு இல்லே" என்றாள் அம்மா. "திருவான்மியூர். கோவிலுக்கு ரெண்டு தெரு தள்ளி. சகஸ்ரநாமத்துக்கு வர மாமியோட ஆம், மாடிப் போர்ஷன் காலியா இருக்கு. கட்டி முடிக்கற வரைக்கும் இருந்துக்கலாம்னு சொல்லிட்டா. மார்கழி பூராப் பல இடம் பார்த்தேன், இதுதான் தேவலை. சமையல் ரூம்ல குழாய் இருக்கு. திறந்து பார்த்தேன், வரது. ஏழரைக்குப் பால் காய்ச்சியாச்சு. உங்களுக்கும் கொண்டு வந்திருக்கேன்."

சாவியை டம்ளர் பக்கத்தில் வைத்தாள்.

அப்பா சாவியையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னடீ இது? இந்த ஆத்தை விட்டு வர உனக்கு மனசு தாங்காதேன்னு நான் அவர்கிட்ட எத்தனை தடவை..."

"அப்படின்னு நான் எப்போ சொன்னேன்?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். நானும் யோசித்துப் பார்த்தேன். ஒரு நாள், ஒரு பேச்சுக்குக்கூட அவள் அப்படிச் சொன்னதாக ஞாபகம் வரவில்லை.

"முப்பது வருஷமா எனக்கு எது பிடிக்கும், எது தாங்காதுன்னு ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிண்டிருக்கேள். கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுண்டுதான் இருக்கேன். ஒரு தடவை என்னை வந்து கேட்டேளா? இவளாவது கேட்டாளா?" என்று என்னைக் கையால் காட்டினாள். "தூண் நன்னா இருக்கு, முற்றம் நன்னா இருக்குன்னு ஊரைக் கூட்டிண்டு வந்து காட்டறா. அந்த முற்றத்தைச் சுத்திக் குடத்தோட நடக்கறவ யாரு?"

குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது, கோபம் யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அப்பா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"எனக்குத்தான்டீ மனசு வரலை" என்றார் கடைசியில். "நான் பொறந்த இடம்."

"தெரியும். அது தப்புன்னு சொல்லலையே. அதை உங்க பேர்லயே சொல்லுங்கோ. என் பேர்ல சொல்லாதேங்கோ."

அப்பா பாலைக் குடித்தார். முழுதும் குடித்துவிட்டு, "சர்க்கரை கம்மி" என்றார். "புது இடம், டப்பா தேடிண்டிருந்தேன்" என்றாள் அம்மா. எனக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்தது.

சாயங்காலம் புரோமோட்டர் வந்தார். அப்பா அவரை உட்காரச் சொல்லிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்குத்தான் சார் கொஞ்சம் மனசு வரலை. இத்தனை நாள் அவ தலையில போட்டுண்டிருந்தேன். பரவாயில்லே, கொடுத்துடறோம்" என்றார். புரோமோட்டர் பழக்கத்தில் சமையலறைப் பக்கம் பார்த்தார். அம்மா அங்கே இல்லை. அவருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"பிளானைக் கொஞ்சம் விரிங்கோ" என்றாள்.

மேலேயிருந்து பார்த்தால் ஊர் எப்படித் தெரியும் என்பது அவளுக்கு நன்றாகப் பழகியிருந்தது. ஐந்து நிமிஷம் பார்த்தாள். "தண்ணித் தொட்டி இந்த மூலையில இருக்கு, சமையல் ரூம் அந்த மூலையில இருக்கு. எதுக்கு இத்தனை தூரம்? இதை இங்கே மாத்துங்கோ. கிழக்கே ஜன்னல் வேணும்." புரோமோட்டர் பாக்கெட்டிலிருந்து பென்சிலை எடுத்தார். "இது எங்க இஞ்சினியருக்குத் தோணலையேம்மா" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் வருத்தத்தோடு கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மாசியில் திருவான்மியூருக்குப் போனோம். வீட்டைக் காலி செய்த அன்று தூணைக் கட்டிக்கொண்டு அழுதது நான்தான். அம்மா புளி டின்களை எண்ணி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

மாடிப் போர்ஷனில் சாயங்காலமானால் கடற்காற்று வரும். முதல் வாரத்தில் அம்மா ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சமையலறைக் குழாயைத் திறந்து, கையை நனைத்துக்கொண்டு மூடினாள். கம்ப்யூட்டர் ஜன்னல் ஓரத்துக்கு வந்தது. தினமும் கடற்கரைக்கு நடக்கப் போகவும், கோஷ்டியோடு பாராயணத்துக்கும் அவளுக்கு நேரம் சரியாக இருந்தது. ஆட்டம் குறைந்துவிட்டது.

கம்ப்யூட்டர் முன்னால் அவள் இடத்தை அப்பா பிடித்துக்கொண்டார். தனக்கென்று ஒரு ஊர் ஆரம்பித்தார். ஆனால் அவர் எதையும் இடிக்க மாட்டார். கிணறு ஒரு கோடி, குடிசைகள் ஒரு கோடி. குடிசைகளை நகர்த்தச் சொன்னால், "இருக்கட்டும், முதல்ல வந்தவா" என்பார். மாதக்கணக்கில் ஆடியும் அவர் ஊரில் ஒரு வீடுகூட மாடி வீடாகவில்லை. போகிற வருகிற போதெல்லாம் அம்மா அதைப் பார்த்து, "கட்டின நாள்லேர்ந்து அதே குடிசை" என்று கேலி செய்வாள். பேப்பருக்குப் பின்னாலிருந்து அவர் சொன்ன மிளகு ரசத்துக்குப் பழி வாங்கல் அது.

ஒரு நாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அப்பா திரையில் சுத்தியலைக் கையில் எடுத்துவைத்துக்கொண்டு, முதல் தெருவின் மேல் அப்படியே நிறுத்தியிருந்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"இந்தா, கொஞ்சம் வாயேன். இந்தத் தெருவை எடுக்கலாமான்னு பார்க்கறேன். நீ என்ன சொல்றே?"

உள்ளே குழாய்ச் சத்தம் நின்றது. அம்மா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் பின்னால் நின்றாள். அவசரப்படவில்லை. தெருவைப் பார்த்தாள், அப்புறம் அப்பாவைப் பார்த்தாள்.

"இருந்துட்டுப் போகட்டும், அந்த ஒரு தெரு" என்றாள். "பக்கத்துல ஒரு கிணறு வெட்டிடுங்கோ, போறும்."

அப்பா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கிணறு வெட்டினார்.